கிரிப்டோ நாணயம்: வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும்

(புதுதில்லி லக்ஷ்மிபாய் நகரில், மத்திய அரசு ஊழியர் குடும்பங்களும் மாணவர்களும் சிறு வணிகர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புதியது. ஆயினும் அது பற்றிய பேச்சு இந்தக் குடியிருப்பின் வீடுகளுக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது. பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் பார்க்கின்றனர். அலுவலக நண்பர்கள் உணவு இடைவேளையில் அதைப் பற்றி உரையாடுகின்றனர். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் விற்கும் வணிகர்கூட, "இது என்ன காசு? வாங்கலாமா?" என்று கேட்கும் காலம் இது. கிரிப்டோ நாணயம், குறிப்பாக பிட்காயின், சாதாரண மக்களின் அன்றாட வாழ்வில் என்ன பயன் தருகிறது? பொழுதுபோக்காக அதில் ஈடுபடுவோரும் சிறு கடை நடத்துவோரும் அதை எவ்வாறு கையாளுகின்றனர்? அதில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு? இவற்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஊரார் அனைவரும் வைத்திருக்கும் பேரேடு

முதலில் இந்த நாணயம் எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். வங்கியில் நமது கணக்கை வங்கியின் பேரேடு காட்டுகிறது. அந்தப் பேரேட்டை எழுதும் பொறுப்பும் காக்கும் பொறுப்பும் வங்கியைச் சார்ந்தவை. பிட்காயினில் அத்தகைய தனி நிறுவனம் எதுவும் இல்லை. பேரேடு ஒன்றுதான்; ஆனால் அதன் பிரதி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற பதிவு அனைத்துப் பிரதிகளிலும் ஏறுகிறது. ஒருவர் தம் பிரதியைத் திருத்தினால் மற்றவர்களின் பிரதிகள் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளியான ஒரு கட்டுரை இம்முறையை விளக்கியது. 2009ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் இப்பேரேட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டது. மொத்த நாணயங்களின் எண்ணிக்கை 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது இதன் விதி. அடுத்த ஆண்டு, 2010 மே மாதம் 22ஆம் நாள், அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின்களைக் கொடுத்து இரண்டு பிட்சாக்களைப் பெற்றார். இந்நாணயத்தைக் கொண்டு அன்றாடப் பொருள் ஒன்றை வாங்கிய நிகழ்ச்சிகளில் பெரிதும் அறியப்பட்டது இதுவே.

அந்தப் பேரேட்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு புதிய பக்கம் சேர்கிறது. அப்பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு என்பதை ஒரு போட்டி தீர்மானிக்கிறது. கணினிகள் ஓர் எண்ணை ஊகித்து ஊகித்துப் பார்க்கின்றன. விதிக்குப் பொருந்தும் எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்குப் புதிய நாணயங்கள் பரிசாகக் கிடைக்கின்றன. இதையே 'மைனிங்', அதாவது அகழ்வு என்கின்றனர். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு 50 நாணயங்கள் பரிசாக இருந்தன. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது பாதியாகிறது. 2012, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 நாணயமாயிற்று.

இங்கு ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். போட்டியாளர் பெருகினால் ஊகிக்க வேண்டிய எண் மேலும் கடினமாக்கப்படுகிறது. 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இந்தச் சீர்திருத்தம் தானாகவே நிகழ்கிறது. வயலில் இன்னொரு பம்புசெட்டு ஓடினால் இன்னும் சிறிது தண்ணீர் கிடைக்கும். பிட்காயினில் இன்னோர் இயந்திரம் ஓடினால் நாணயம் கூடுவதில்லை. இருக்கும் நாணயத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது மட்டுமே மாறுகிறது. மின்சாரத்தை வளர்ச்சியின் அடிப்படையாகக் கருதும் நாட்டில் இந்த வேறுபாடு சிறியதன்று.

வீட்டில் அகழ்ந்தால் என்ன கிடைக்கும்?

ஆரம்ப ஆண்டுகளில் மாணவர் ஒருவர் தம் மேசைக் கணினியைக் கொண்டே அகழ முடிந்தது. பிறகு படங்களைத் திரையில் இயக்க உதவும் கிராபிக்ஸ் கார்டுகள் வந்தன. 2013ஆம் ஆண்டு முதல் இந்த ஒரே வேலைக்கென்று வடிவமைக்கப்பட்ட தனி இயந்திரங்கள் களத்தில் இறங்கின. அன்றோடு வீட்டுக் கணினியின் காலம் முடிந்தது.

2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆன்ட்மைனர் எஸ்19 புரோ என்ற இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இது விநாடிக்கு 110 லட்சம் கோடி ஊகங்களைச் செய்கிறது. 3,250 வாட் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. நம் வீட்டு மின்விசிறிகள் நாற்பதுக்கும் மேல் ஒரே நேரத்தில் சுழன்றால் ஆகும் செலவு இது. ஒரு நாளைக்கு 78 யூனிட், முப்பது நாளைக்கு 2,340 யூனிட் ஆகின்றன. யூனிட் ஒன்றுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாள் செலவு 546 ரூபாய். மாதச் செலவு 16,380 ரூபாய்.

இனி வரவைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உலகின் எல்லா இயந்திரங்களும் சேர்ந்து விநாடிக்குச் செய்த ஊகங்கள், ஏறத்தாழ 60 கோடி லட்சம் கோடி. நமது இயந்திரத்தின் பங்கு ஏறக்குறைய 54 லட்சத்தில் ஒன்று. நாள் ஒன்றுக்கு உலகம் முழுவதும் கிடைக்கும் 450 நாணயங்களில் இந்தப் பங்கைக் கணக்கிட்டு, நாணயம் ஒன்று 60,000 டாலர் எனவும் டாலர் ஒன்று 83 ரூபாய் எனவும் கொண்டால், நாள் வரவு ஏறக்குறைய 410 ரூபாய். செலவு 546, வரவு 410! இயந்திரத்தின் விலையை இதில் சேர்க்கவில்லை. அதைக் குளிர்விக்கும் செலவையும் சேர்க்கவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இதற்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

விலை ஏறினால் இலாபம் வருமே என்று கேட்கலாம். விலை ஏறும்போது போட்டியாளரும் ஏறுகின்றனர். 2025ஆம் ஆண்டில் பிட்காயின் விலை 1 லட்சம் டாலரைக் கடந்தது உண்மை. அதே ஆண்டில் மொத்தக் கணிப்புத் திறன் 100 கோடி லட்சம் கோடி என்ற அளவைத் தொட்டதும் உண்மை. மலிவான மின்சாரமும் புதிய இயந்திரமும் உடைய பெரிய நிலையங்களுக்கே இப்போட்டியில் இடமிருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. இயந்திரம் உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் வெப்பமாக வெளியேறுகிறது. தண்ணீர் காய்ச்சும் 1,500 வாட் கம்பிகள் இரண்டை இரவும் பகலும் அறையில் எரியவிட்டது போலாகும். குளிர்நாடுகளில் இவ்வெப்பத்தைக் கொண்டு வீட்டைக் கதகதப்பாக்குவோர் உள்ளனர். தில்லியில் ஜனவரி மாதத்துக்கு அது உதவலாம். மே மாதத்தில் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அரசுக் குடியிருப்பின் மின்கம்பிகள் இத்தகைய இடைவிடாத பளுவைத் தாங்கும் வகையில் போடப்பட்டவை அல்ல என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுகளின் கதை

இந்திய இளைஞர்கள் பலர் பிட்காயினைவிட ஈத்தரை அகழ்வதிலேயே ஆர்வம் காட்டினர். எத்தீரியம் என்ற அமைப்பின் நாணயம் அது. கணினி விளையாட்டுக்கு வாங்கிய கிராபிக்ஸ் கார்டைக் கொண்டே அதை அகழ முடிந்தமையே காரணம். 2017இலும் மறுபடி 2020-21இலும் உலகெங்கும் இக்கார்டுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள நேரு பிளேஸ் கணினிச் சந்தையும் இதற்கு விலக்கன்று. பொறியியல் மாணவர்களும் படத்தொகுப்புத் தொழில் செய்வோரும் உரிய விலைக்குக் கார்டு கிடைக்காமல் அவதியுற்றனர். என்விடியா நிறுவனம் 2021இல் அகழ்வுத் திறனைக் குறைத்த கார்டுகளை வெளியிட வேண்டியதாயிற்று.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. ஊகப் போட்டியைக் கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைப்போர் பேரேட்டைச் சரிபார்க்கும் முறைக்குச் சென்றது. அதன் மின்செலவு 99 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் கடன் வாங்கிக் கார்டுகளை அடுக்கி வைத்தவர்களின் வரவு ஒரே நாளில் நின்றது. அகழ்வை வாழ்வாதாரமாகக் கொள்வதில் உள்ள ஆபத்து இதுவே. தொழிலின் விதியை மாற்றும் உரிமை தொழில் செய்பவரின் கையில் இல்லை.

மின்சாரமும் நாடுகளும்

பிற நாடுகளின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். நமது அண்டை நாடான பூட்டான், மழைக்காலத்தில் மிகும் நீர்மின்சாரத்தைக் கொண்டு, அரசு நிறுவனமான ட்ரக் ஹோல்டிங் வழியாக அகழ்வில் ஈடுபட்டது. ஈரான் 2019இல் அகழ்வை ஒரு தொழிலாக ஏற்றது. 2021 மே மாதம், கோடைக்கால மின்வெட்டு கடுமையானபோது, நான்கு மாதங்களுக்கு அதைத் தடை செய்தது. சீனா 2021இல் முற்றிலும் தடை விதித்தது. உபரி மின்சாரம் உள்ள இடத்தில், அந்த உபரி வீணாகும் பருவத்தில் மட்டுமே இத்தொழிலுக்குப் பொருளாதார நியாயம் இருக்கிறது என்பதை இந்த உதாரணங்கள் காட்டுகின்றன. வீடுகளுக்குச் சலுகை விலையில் வழங்கப்படும் மின்சாரம் விளக்குக்கும் விசிறிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உரியது.

"உமக்காக நாங்கள் அகழ்கிறோம்"

வீட்டில் அகழ முடியாது என்று அறிந்தவர்களைக் குறிவைத்து ஒரு மோசடி எழுந்தது. "பணத்தைக் கொடுங்கள், நாங்கள் வெளிநாட்டில் இயந்திரங்களை இயக்கி மாதந்தோறும் இலாபம் தருகிறோம்" என்பதே அதன் அழைப்பு. இவ்வகையில் நம் நாட்டில் பெரிதும் பேசப்பட்டது கெயின்பிட்காயின் திட்டம். மாதம் 10 சதவிகிதம் வருவாய் தருவதாக அது வாக்களித்தது. 2018இல் புனே காவல்துறை இதன் தலைமைச் சூத்திரதாரி என்று கூறப்பட்டவரைக் கைது செய்தது. 2017ஆம் ஆண்டிலேயே 6,600 கோடி ரூபாய் மதிப்புள்ள பிட்காயின்கள் திரட்டப்பட்டதாக அமலாக்கத் துறை குற்றஞ்சாட்டியது. பின்னர் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி பல மாநில வழக்குகள் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன.

சற்று முன்னர் நாம் போட்ட கணக்கை நினைவிற்கொண்டால், இத்தகைய வாக்குறுதியை எடைபோடுவது எளிது. சொந்த இயந்திரமே மின்கட்டணத்தை ஈட்டத் திணறும்போது, மற்றவர் இயந்திரம் மாதம் 10 சதவிகிதம் எங்கிருந்து தரும்? புதிதாகச் சேர்பவரின் பணத்திலிருந்தே தர முடியும். ஏலச்சீட்டு மோசடியில் பணம் இழந்த குடும்பங்களின் துயரத்தை நம்மவர் நன்கு அறிவர். இது அதே சீட்டு, புதிய பெயரில்!

கடைக்காரரின் கணக்கு

இனிச் சிறு வணிகத்துக்கு வருவோம். கிரிப்டோ நாணயத்தைப் பெற்றுக்கொண்டு பண்டம் விற்கும் கடைகள் நம் நாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றின. 2013இல் மும்பை வொர்லியில் ஒரு பிட்சாக் கடை பிட்காயினை ஏற்றது. 2021இல் தில்லி கன்னாட் பிளேஸ் உணவகம் ஒன்று நாணயங்களின் பெயரால் தாலி உணவு வகைகளை அறிமுகப்படுத்தி, கிரிப்டோவில் விலை செலுத்தவும் வழி செய்தது. இவை வாடிக்கையாளரைக் கவர உதவின. ஆனால் அன்றாட வணிகமாக வேரூன்றவில்லை.

காரணங்களை ஆராய்வோம். முதலாவது, விலையின் ஏற்ற இறக்கம். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலர் வரை சென்ற பிட்காயின், மறு ஆண்டு அதே மாதம் 16,000 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. நூற்றுக்குப் பத்தோ பன்னிரண்டோ இலாபம் வைத்து விற்கும் மளிகைக் கடைக்காரர், இன்று வாங்கிய காசு நாளை மொத்த வியாபாரியிடம் கொடுக்கும்போது என்ன பெறும் என்று அறியாமல் எப்படிக் கடை நடத்துவார்?

இரண்டாவது, நம்மிடம் ஏற்கெனவே உள்ள வசதி. 2016இல் தொடங்கிய யுபிஐ முறையில் தள்ளுவண்டி வணிகரும் நொடியில் ரூபாயைப் பெறுகிறார். வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தும் சாதாரணப் பரிவர்த்தனைக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணமும் இல்லை. வெளிநாட்டில் கிரிப்டோவை ஆதரிப்போர் கூறும் காரணம், அட்டை நிறுவனங்கள் வணிகரிடம் எடுக்கும் கட்டணம் மிகுதி என்பது. அந்தக் குறைக்கு நாம் வேறு மருந்து கண்டுவிட்டோம்.

மூன்றாவது, சட்டம் மாறும் என்பது. எல் சால்வடோர் நாடு 2021 செப்டம்பர் 7ஆம் நாள் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. கடைகள் அதை ஏற்றே தீர வேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் மக்கள் டாலரிலேயே கொடுத்து வாங்கினர். பன்னாட்டு நிதியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டையொட்டி, 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. சட்டம் கொண்டு ஒரு நாணயத்தைக் கல்லாப்பெட்டிக்குள் திணிக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

வெளிநாட்டுப் பணம்

ஒரு துறையில் மட்டும் கிரிப்டோவின் பயனை ஒப்புக்கொள்ள வேண்டும். மென்பொருள் எழுதுவோர், ஓவியம் வரைவோர், மொழிபெயர்ப்போர் எனப் பலர் வீட்டிலிருந்தே அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்கின்றனர். சிலருக்கு ஊதியம் டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்ட நிலைமதிப்பு நாணயங்களில் வருகிறது. வங்கி விடுமுறை எதுவும் குறுக்கிடாமல் சில நிமிடங்களில் அது வந்து சேர்கிறது என்பது உண்மையான வசதி.

ஆனால் அதை ரூபாயாக மாற்றும் இடத்தில் இடர் இருக்கிறது. முன்பின் அறியாதவருக்கு நேரடியாக விற்றால், அவர் அனுப்பும் ரூபாய் வேறொருவரை ஏமாற்றிப் பெற்றதாக இருக்கலாம். காவல்துறை அந்தப் பணத்தின் தடத்தைப் பின்தொடர்ந்து வரும்போது, விற்றவரின் வங்கிக் கணக்கும் முடக்கப்படுகிறது. மாதச் சம்பளமும் வீட்டு வாடகையும் அதே கணக்கில் இருந்தால் குடும்பத்தின் நிலை என்ன? ஏற்றுமதி வருவாய் வங்கி வழியே வந்தால் அதற்குச் சான்று கிடைக்கிறது. வரி அலுவலரின் கேள்விக்கும் விடை கிடைக்கிறது.

உறவினர் அனுப்பும் பணத்துக்கும் இப்போது நல்வழிகள் உண்டு. 2023 பிப்ரவரி 21ஆம் நாள் நமது யுபிஐயும் சிங்கப்பூரின் பேநௌ முறையும் இணைக்கப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே இதில் பங்கேற்றன. சிங்கப்பூரில் உழைக்கும் மகன் கும்பகோணத்திலுள்ள தாய்க்குக் கைப்பேசி எண்ணைக் கொண்டே பணம் அனுப்ப இது வகை செய்தது. ரிசர்வ் வங்கியும் 2022 டிசம்பர் 1ஆம் நாள் சில்லறைப் பயன்பாட்டுக்கான எண்ணியல் ரூபாயைச் சோதனை முறையில் நான்கு நகரங்களில் வெளியிட்டது. அவற்றுள் புதுதில்லியும் ஒன்று.

சட்டமும் வரியும்

இந்தியாவில் கிரிப்டோ வைத்திருப்பது குற்றமா என்று பலர் கேட்கின்றனர். குற்றமன்று, ஆனால் அது சட்டபூர்வ நாணயமும் அன்று. ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே மக்களை எச்சரித்தது. 2018 ஏப்ரல் 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையில், வங்கிகள் இத்துறைக்குச் சேவை அளிப்பதைத் தடுத்தது. 2020 மார்ச் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை ரத்துச் செய்தது. 2023 மார்ச் மாதம் இத்தொழில் செய்யும் நிறுவனங்கள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் ஒருவர் உடைமையாக வைத்திருக்கத்தக்க சொத்து என்று கூறியது.

வரி விதிகள் கடுமையானவை. 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், இச்சொத்தை விற்றுப் பெறும் இலாபத்துக்கு 30 சதவிகித வரி விதித்தது. கொள்முதல் விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க இயலாது. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தோடு ஈடுசெய்யவும் இயலாது. ஒருவர் ஒரு நாணயத்தில் 1 லட்சம் ரூபாய் இலாபமும் வேறொன்றில் 1 லட்சம் நட்டமும் அடைந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆயினும் மேல்வரி சேர்த்து 31,200 ரூபாய் வரி செலுத்த வேண்டும். அகழ்வோருக்கும் சலுகை இல்லை. அகழ்வுக்கான உள்கட்டமைப்புச் செலவு கொள்முதல் விலையாகக் கொள்ளப்படாது என்று அரசு 2022இல் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. நட்டத்தில் அகழ்ந்த நாணயத்துக்கும் வரி உண்டு என்பதே இதன் பொருள்.

கொடுக்கல் வாங்கலின் போது 1 சதவிகிதம் வரிப் பிடித்தமும் 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரையிலும், சிறு வணிகர் போன்ற சிலருக்கு 50,000 ரூபாய் வரையிலும் இதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. பண்டத்துக்கு ஈடாக நாணயத்தைப் பெறும் கடைக்காரரையும் இது தொடும்.

இந்த அவையில் அரசு ஊழியர் பலர் இருக்கின்றனர். அவர்கள் கவனத்துக்கு ஒன்று. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 16ஆம் விதி, பங்கிலோ பிற முதலீட்டிலோ ஊக வணிகம் செய்வதைத் தடுக்கிறது. அடிக்கடி வாங்கி விற்பது ஊக வணிகமாகவே கருதப்படும். 15ஆம் விதி, முன்அனுமதியின்றித் தொழிலில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. 18ஆம் விதி, இரண்டு மாத அடிப்படை ஊதியத்துக்கு மேற்பட்ட அசையும் சொத்துப் பரிமாற்றத்தை அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. கைப்பேசியில் விரலால் தட்டுவது விளையாட்டுப் போலத் தோன்றலாம். முப்பது ஆண்டுப் பணியின் நற்பெயர் அதில் அடங்கியிருக்கிறது என்பதை மறக்கலாகாது.

சாவி யார் கையில்?

நாணயத்தின் மீது ஆட்சி செலுத்துவது ஓர் இரகசிய எண். அதையே சாவி என்கிறோம். சாவியைத் தாமே வைத்திருப்பவர் அதைத் தொலைத்தால் மீட்டுத்தர எவரும் இல்லை. வேல்ஸின் நியூபோர்ட் நகரில் 2013இல் ஒருவரின் வன்தட்டு குப்பையோடு போயிற்று. ஆயிரக்கணக்கான பிட்காயின்களும் அதனோடு போயின. சாவியை நிறுவனத்திடம் ஒப்படைத்தால் வேறு ஆபத்து. 2024 ஜூலை 18ஆம் நாள் இந்தியப் பரிமாற்ற நிறுவனமான வாசிர்எக்ஸிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் களவு போயின. அதன் வாடிக்கையாளர்கள் தம் சேமிப்பை எடுக்க முடியாமல் நெடுங்காலம் காத்திருந்தனர். வங்கி வைப்புத்தொகைக்கு 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஆகவே மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ வைத்த தொகையை இதில் இடுவது தகாது. இணைய மோசடியில் பணம் இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரம் மிக முக்கியம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

இவ்வளவும் சொன்னதால் இத்துறையை விட்டு விலகுங்கள் என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் அமெச்சூர் வானொலியில் ஈடுபட்ட இளைஞர்கள் காசு சம்பாதிக்க அதைச் செய்யவில்லை. மின்னணுவியலை அவர்கள் கைவினையாகக் கற்றனர். அந்த மனப்பான்மையோடு அணுகுவோருக்கு இங்கே கற்க நிறைய உண்டு.

பிட்டாக்ஸ் என்ற திறந்த வடிவமைப்புச் சிற்றியந்திரம் 20 வாட்டுக்குள் இயங்குகிறது. மாதத்துக்கு நூறு ரூபாய் அளவு மின்சாரமே ஆகும். 2024இன் போட்டி நிலவரப்படி அது தனித்து ஒரு பக்கத்தை வெல்லச் சராசரியாக ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! பரிசுக்காக அதை வாங்கினால் ஏமாற்றம். மின்சுற்று, வெப்ப மேலாண்மை, நிரலாக்கம் ஆகியவற்றைக் கற்க வாங்கினால் நல்ல ஆசிரியர். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியோடு 1,000 ஜிகாபைட் சேமிப்பகத்தை இணைத்து, முழுப் பேரேட்டின் பிரதியையும் வீட்டில் வைத்துச் சரிபார்க்கலாம். அதற்கு நாணயம் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு நாணயத்துக்கு அப்பாலும் பயன் உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள எட்டாபள்ளியில், சாதிச் சான்றிதழ்களைப் போலியாக்க முடியாதபடி இத்தகைய பேரேட்டில் பதியும் முயற்சி 2022இல் மேற்கொள்ளப்பட்டது. அந்த முயற்சிக்குப் பயன்பட்ட பாலிகன் அமைப்பை உருவாக்கியவர்களில் இந்திய இளைஞர்கள் இருந்தனர். தமிழ்நாடு அரசு 2020இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. நிலப்பதிவு, கல்விச் சான்று, மருந்து விநியோகம் எனப் பல துறைகளில் இவ்வறிவுக்குத் தேவை ஏற்படலாம். லக்ஷ்மிபாய் நகரில் பயிலும் நம் தமிழ் மாணவர்கள் அதற்கு ஆயத்தமாக வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதியைக் கணிதத்துக்கும் நிரலாக்கத்துக்கும் செலவிட்டால், அந்த முதலீடு ஒருபோதும் வீழ்ச்சியடையாது.

நான்கு அளவுகோல்கள்

நிறைவாக, இந்தப் பொருளை அளக்க நான்கு அளவுகோல்களை உங்கள் முன் வைக்கிறேன். அகழ விரும்புவோர் முதலில் மின்கட்டணச் சீட்டை எடுத்துக் கணக்கிடுக. வாங்கி விற்க விரும்புவோர் வரிக்குப் பின் மிஞ்சுவது என்ன என்று பார்க்க. கடைக்காரர், வாடிக்கையாளர் உண்மையாகவே இதைக் கேட்கிறாரா, யுபிஐ தராத எதை இது தருகிறது என்று வினவுக. எல்லோரும், சாவி யாரிடம் இருக்கிறது, அது தொலைந்தால் குடும்பம் தாங்குமா என்று எண்ணுக. இந்த நான்குக்கும் விடை கண்ட பிறகும் ஒருவர் இறங்க விரும்பினால், இழந்தாலும் வீட்டு அடுப்பு அணையாத அளவோடு இறங்கட்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். ஆறு புதியது, அளக்கும் பழக்கம் நமக்குப் பழையது.